மந்திரியாகாத பன்றிக்குட்டிகள்

ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கோயிலில் பெருமாளுக்குக் கோரைக்கிழங்கு படைக்கிறார்கள். கிழங்கை இடித்து, பக்குவம் செய்து, நைவேத்தியமாக வைத்து, வந்தவர்களுக்கும் பிரசாதமாகத் தருகிறார்கள். வராகமாக வந்தவருக்கு வராகம் விரும்பித் தின்பதையே கொடுக்க வேண்டும் என்று எந்தக் காலத்திலோ ஒரு பக்தருக்குத் தோன்றியிருக்கிறது. பன்றி எதை எப்படித் தின்னும் என்று அருகில் நின்று பார்த்தவருக்குத்தான் அப்படித் தோன்றும்.

அங்கிருந்து மேற்கே ஜெயங்கொண்டம், அரியலூர் தாண்டி பெரம்பலூர் மாவட்டத்துப் பாடாலூர் பக்கம் வந்தால், அதே கோரை வெங்காயக் காட்டில் களை. எத்தனை முறை கொத்தினாலும் கிழங்கு மண்ணுக்குள் தங்கி மறுபடி முளைக்கும். காட்டுப்பன்றி மூக்கால் மண்ணைக் கிளறுவது இப்படிப்பட்ட கிழங்குக்கும் புழுவுக்கும்தான். கோரையோடு நின்றுவிட்டால் யாரும் அதைக் குறை சொல்லமாட்டார்கள். மக்காச்சோளத்தில் கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் கூட்டமாக இறங்கி, ஒரு கதிரைத் தின்னப் பத்துத் தட்டையைச் சாய்த்துவிட்டுப் போகும். வயலைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டுகிறார்கள், தகரம் தட்டுகிறார்கள், டார்ச்சோடு இரவெல்லாம் காவல் இருக்கிறார்கள். விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் இந்தப் புகார் ஓய்வதே இல்லை.

கோயிலில் கும்பிடுகிற பன்றி, வயலில் விரட்டுகிற பன்றி, தெருவில் கல்லெறிகிற பன்றி. மூன்றுக்கும் உடம்பு ஒன்றுதான். நம் சமயங்கள் பன்றியை எங்கே வைத்திருக்கின்றன என்று பார்த்தால், ஒரு கேள்வி விடாமல் துரத்துகிறது: ஒரு பன்றி, தெய்வமாகவோ சபிக்கப்பட்ட மனிதனாகவோ இல்லாமல், வெறும் பன்றியாக இருந்தால் அதற்கு அருள் உண்டா?

இதற்கு மிக நெருங்கி வருகிற கதை மதுரையில் இருக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் பன்றிக்குட்டிகளுக்கு முலை கொடுத்த படலம் என்றே ஒன்று உண்டு. பாண்டியன் வேட்டைக்குப் போகிறான். ஆண்பன்றியும் பெண்பன்றியும் சாகின்றன. பன்னிரண்டு குட்டிகள் பசியில் தவிக்கின்றன. சொக்கநாதர் தாய்ப்பன்றியாகி அவற்றுக்குப் பால் கொடுக்கிறார். மீனாட்சியம்மன் கோயில் தூணிலும் இந்தக் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. பன்றி முகம், பெண் உடல், கையிலும் மடியிலும் குட்டிகள். கோயிலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அந்தத் தூணைக் கடந்து போய்விடுகிறார்கள். நின்று பார்க்க வேண்டிய தூண் அது.

பன்றி வளர்ப்பவர்களிடம் கேட்டால் இந்தக் கதையின் கனம் இன்னும் நன்றாகப் புரியும். பிறந்த சில நாளிலேயே ஒவ்வொரு குட்டியும் தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதை விட்டுக்கொடுக்காது. தாய்க்குப் பெரும்பாலும் 12 முதல் 14 காம்புகள். பசு மாதிரி எப்போது முட்டினாலும் பால் சுரந்துவிடாது. ஏறக்குறைய மணிக்கு ஒரு தரம் தாய் ஒருக்களித்துப் படுத்து உறுமத் தொடங்கும். உறுமல் வேகமெடுக்கும் அந்த நேரத்தில் சுமார் 20 விநாடிதான் பால் இறங்கும். அதற்குள் எல்லாக் குட்டிகளும் தத்தம் இடத்தில் இருந்தாக வேண்டும். தவறினால் அடுத்த மணிவரை பட்டினி. தாய் செத்துவிட்டால், இன்னொரு பன்றியிடம் விட்டாலும் அங்கே காம்புகளுக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அனாதைப் பன்றிக்குட்டியைப் பிழைக்க வைப்பது அத்தனை கடினம். குளிர் தாங்காது, இரவும் பகலும் புட்டியோடு யாராவது விழித்திருக்க வேண்டும். பன்னிரண்டு குட்டிகளுக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது வரமோ மோட்சமோ இல்லை, படுத்துப் பால் கொடுக்கிற ஓர் உடம்பு. புராணக்காரர் இறைவனை அந்த உடம்பாகவே ஆக்கினார்.

ஆனால் புராணம் அதோடு விட்டுவிடவில்லை. இந்தக் குட்டிகள் முற்பிறப்பில் சுகலன் என்ற வேளாளனின் பன்னிரண்டு பிள்ளைகள், தவத்தில் இருந்த வியாழ பகவானுக்குத் தொல்லை கொடுத்ததால் சாபம் பெற்றவர்கள் என்று முன்கதை சொல்கிறது. அடுத்த படலத்தில் குட்டிகள் பன்றி முகமும் மனித உடலுமாக வளர்ந்து பாண்டியனுக்கே மந்திரிகளாகிவிடுகிறார்கள். படிக்கிறவருக்கு இப்போது நிம்மதி. ஈசன் பால் கொடுத்தது பன்றிக்கு அல்லவே, பன்றி வேடத்தில் இருந்த மனிதப் பிள்ளைகளுக்குத்தானே!

இந்த நிம்மதி மாணிக்கவாசகரிடம் கிடைக்காது. பரஞ்சோதியாருக்குப் பல நூற்றாண்டு முந்தைய அவர், திருவாசகத்தின் திருவார்த்தைப் பகுதியில் இதே நிகழ்ச்சியைச் சொல்கிறார். அம்புபட்ட பன்றி, இரங்கிய ஈசன், கொடுத்த பால். அவ்வளவுதான். அந்தப் பாட்டில் சாபமும் இல்லை, மந்திரி பதவியும் இல்லை. பிற்காலத்தார் சேர்த்த முன்கதையும் பின்கதையும் இல்லாமலே அந்த இரக்கம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. சைவ மரபிலேயே இரண்டு பதில்கள் இருப்பதாக இதை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, தகுதி பார்த்து வருகிற அருள். மற்றது, அடிபட்டுக் கிடப்பதைத் தவிர வேறு தகுதி கேட்காத அருள். இரண்டாவதுதான் பெரியது.

இதற்கு நேர் எதிரான கதையும் நம்மிடம் புழங்குகிறது. விவேகானந்தர் ராஜயோக விளக்கத்தில் சொன்னது. இந்திரன் ஒருமுறை பன்றியாகிச் சேற்றில் துணையோடும் குட்டிகளோடும் ஆனந்தமாக வாழ்கிறான். தேவர்கள் வந்து கூப்பிட்டால், எனக்குச் சொர்க்கம் வேண்டாம், இதுவே சுகம் என்கிறான். அவனை விழிக்க வைக்கத் தேவர்கள் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கொல்கிறார்கள், பிறகு பெண்பன்றியை, கடைசியில் அவன் பன்றி உடலையே கிழிக்கிறார்கள். இந்திரன் சிரித்துக்கொண்டே வெளியே வருகிறான். ஆன்மா தன்னை மறந்து உடலில் மயங்கியதற்கு உவமை அது. உவமையின் நோக்கத்தில் பிழையில்லை. ஆனாலும் அந்தக் குட்டிகள் யாருடைய கனவு என்று கேட்கத் தோன்றுகிறது. அவற்றுக்கு வலித்திருக்குமே. ஒரு கதையில் தெய்வம் குட்டிகளைக் காக்கப் பன்றியாகிறது, இன்னொன்றில் பன்றியான தெய்வத்தை மீட்கக் குட்டிகள் சாகின்றன. மேடைப் பேச்சுகளில் இந்திரன் கதைதான் அடிக்கடி வருகிறது. பன்றி என்றாலே இழிவு என்ற எண்ணம் ஊறிப்போன செவிகளுக்கு அது எளிதாக ஏறுகிறது.

கதைகளிலிருந்து நிஜத்துக்கு வருவோம். இறைச்சிக் கூடத்திலிருந்தும் பண்ணையிலிருந்தும் மீட்ட விலங்குகளுக்கான காப்பகங்கள் மேல்நாட்டில் வேரூன்றிய கதை 1986இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் லங்காஸ்டர் கால்நடைச் சந்தையில் செத்த விலங்குகளைக் குவித்திருந்த இடத்தில் உயிரோடு கிடந்த ஒரு செம்மறியை ஜீன் பாரும் லோரி ஹூஸ்டனும் தூக்கி வந்தார்கள். அவர்கள் தொடங்கிய ஃபார்ம் சாங்சுவரியில் இன்று பன்றிகளும் முதுமை வரை வாழ்கின்றன. இந்தியாவில் உதய்ப்பூரின் அனிமல் எய்ட் அன்லிமிடெட், அடிபட்ட தெருப் பன்றிகளையும் எடுத்துச் சிகிச்சை கொடுத்துப் பராமரிக்கிறது.

உலகம் அறிந்த மீட்புப் பன்றிகள் சில உண்டு. 1998 ஜனவரியில் இங்கிலாந்தின் மால்ம்ஸ்பரி இறைச்சிக்கூடத்திலிருந்து இரண்டு டாம்வொர்த் பன்றிகள் வேலியில் நுழைந்து தப்பி, ஆற்றை நீந்திக் கடந்து ஓடின. நாடே அவற்றின் பின்னால் திரண்டது. பிடிபட்ட பிறகும் அவற்றைக் கொல்லவில்லை. ஒன்று 2010 வரையும் மற்றது 2011 வரையும் கெண்ட் பகுதியில் வாழ்ந்தன. சீனாவில் 2008 சிச்சுவான் நிலநடுக்க இடிபாட்டில் 36 நாள் கிடந்து பிழைத்த பன்றியை ஓர் அருங்காட்சியகத்தின் உரிமையாளர் வாங்கி, அது 2021இல் சாகும்வரை காப்பாற்றினார்.

நல்ல செய்திகள்தான். ஆனாலும் இவையும் ஒரு வகையில் மந்திரியான பன்றிகளே. வீரம் காட்டியதால், பேர் பெற்றதால் உயிர் பிழைத்தவை. அன்று மால்ம்ஸ்பரி கூடத்துக்கு வந்த மற்றப் பன்றிகள் ஓடவில்லை, அதனால் அவற்றுக்குப் பேரும் இல்லை. மாணிக்கவாசகர் சொன்ன இரக்கத்துக்கு அருகில் வருவது காப்பகத்தில் யாரும் படமெடுக்காத பன்றியின் அன்றாடம். வெண்பன்றி ஆறே மாதத்தில் 90, 100 கிலோ தொடும்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து பெருக்கிய இனம். பத்து, பதினைந்து வருடம் அந்த எடையைத் தாங்கக் கால் எலும்புக்கு வலுவில்லை. கனடாவில் எஸ்தர் என்ற பன்றியைக் குட்டை இனம் என்று நம்பி 2012இல் வீட்டுக்கு எடுத்து வந்தார்கள். அது கிட்டத்தட்ட 300 கிலோவுக்கு வளர்ந்தது. இப்படிப்பட்ட உடம்புக்கு மூட்டுவலி மருந்து வேண்டும், குளம்பு சீவ ஆள் வேண்டும், தடிமனாக வைக்கோல் வேண்டும். வியர்வையால் உடல் சூட்டைத் தணிக்கப் பன்றியால் முடியாது. சேறு அதற்குக் குளிர்ச்சி, வெயிலுக்குக் காப்பு. இடம் தாராளமாக இருந்தால் படுக்கிற மூலையை அது அசுத்தம் செய்யாது, கழிக்க வேறு மூலைக்குப் போகும். அசுத்தத்தின் அடையாளமாகப் பன்றியை ஆக்கியது நாம் அதற்குக் கொடுத்த இடம்.

இந்த இடத்தில் பாடாலூர் விவசாயி குறுக்கிட்டுக் கேட்கலாம்: பன்றிக்கு முதியோர் இல்லம் கட்டுகிறவர்கள் என் மக்காச்சோளத்துக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? நியாயமான கேள்வி. கடன் வாங்கி விதைத்தவரிடம் போய்க் கருணை பேசுவது கருணையாகாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு எடுத்த முடிவின்படி, காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம், அதற்கும் அப்பால் வனத்துறையினர் சுடலாம். பயிர்ச்சேதத்துக்கு இழப்பீடு காலத்தோடு வந்தால் அந்தத் துப்பாக்கிக்கு வேலை குறையும். கருணையின் செலவை ஏழை விவசாயி தலையில் கட்டுகிறவரை அவர் திருட்டு மின்வேலிதான் போடுவார். அதில் பன்றியோடு மனிதர்களும் சாகிறார்கள்.

இதைவிடக் கூர்மையான இன்னொரு கேள்வி உண்டு. பன்றி மீதான அருவருப்பு பன்றியோடு நிற்பதில்லை. அதை வளர்க்கிறவர் மீதும் உண்கிறவர் மீதும் அது படிந்திருக்கிறது. 2023இல் வந்த மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ படத்தில் நாயகன் பன்றி வளர்ப்பவனாகவும் அவனை ஒடுக்குகிறவன் வேட்டைநாய் வளர்ப்பவனாகவும் இருப்பது தற்செயல் அல்ல. கிராமக் கோயில்களில் கிடா, சேவல், பன்றி மூன்றையும் கொடுக்கும் முப்பூசை பல குடும்பங்களின் நேர்த்திக்கடன். 2003இல் அரசு 1950ஆம் ஆண்டின் பலித்தடைச் சட்டத்தைக் கடுமையாக அமல்படுத்தியபோது, எங்கள் சாமியின் சோற்றில் கைவைக்கிறார்கள் என்றே அந்த மக்கள் உணர்ந்தார்கள். மறு ஆண்டே சட்டம் கைவிடப்பட்டது. மேலிருந்து இறங்கும் ஜீவகாருண்யம், சாதியின் மூக்குச்சுளிப்பையும் கூடவே கொண்டு வருமானால், அதில் பன்றிக்கும் நன்மையில்லை, மனிதருக்கும் இல்லை.

பன்றியைத் தொடாதவர்களும் மரியாதை தர முடியும் என்பதற்குக் கிள்ளை சாட்சி. மாசி மகத்துக்குப் பூவராகர் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார். வழியில் தர்கா சார்பில் இஸ்லாமியர்கள் அவரை வரவேற்று மரியாதை செய்கிறார்கள். பன்றி இறைச்சி விலக்கப்பட்ட மார்க்கத்தார், வராக வடிவில் வரும் அண்டை வீட்டுச் சாமிக்குச் செய்யும் மரியாதை அது. சமணத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், பன்றியே அடைக்கலம் கொடுக்கிறது. குகையில் இருந்த முனிவரைக் காக்கப் புலியோடு போராடிச் செத்த பன்றியை, சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம் தானத்துக்கு எடுத்துக்காட்டாக வைக்கிறது. அந்தப் பன்றி சண்டை போட்டதும் செத்ததும் பன்றியாகத்தான்.

கோயில்களில் பசுமடங்கள் இருக்கின்றன. பூவராகர் பேரால், ஸ்ரீமுஷ்ணத்துக்கும் பாடாலூருக்கும் இடையே எங்காவது ஒரு பன்றிமடம் ஏன் இருக்கக் கூடாது? தேசிய நெடுஞ்சாலையில் லாரி இடித்த தாயின் குட்டிகள், பேரூராட்சி பிடித்துப் போகும் தெருப் பன்றிகளில் நோயுற்றவை, பண்ணை மூடப்பட்டதால் கைவிடப்பட்ட வெண்பன்றிகள் என்று இருபது முப்பதில் தொடங்கலாம். பன்றியின் குணம் தெரிந்தவர்கள், அதை வளர்த்ததற்காகவே இழிவைச் சுமந்த குடும்பங்களில்தான் இருக்கிறார்கள். நல்ல சம்பளமும் மரியாதையும் கொடுத்து அவர்களையே பொறுப்பில் வைக்க வேண்டும். ஆண்குட்டிகளுக்குக் காயடிப்பு கட்டாயம். இல்லையென்றால் இரண்டே வருடத்தில் கூட்டம் பெருகி மடம் முழுகிவிடும். 2022இல் வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வந்து நூற்றுக்கணக்கான பன்றிகளைக் கொல்ல நேர்ந்தது. ஆகையால் ஓட்டல் எச்சில் உணவு உள்ளே வரக் கூடாது, காட்டுப்பன்றி நெருங்காதபடி இரட்டை வேலி வேண்டும், புதிதாக வருபவற்றைத் தனியே அடைத்து வைக்கத் தொலைவில் ஒரு கொட்டகை வேண்டும். தீவனத்துக்குப் பாடாலூர் மக்காச்சோளத்தையே விவசாயிகளிடம் நல்ல விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். கோரைக்கிழங்கு அந்த நிலத்திலேயே நிறைய முளைக்கும்.