உள்ளிப்பூண்டும் ஆஹார நியமமும்

எம்பெருமானுக்கு அமுது செய்விக்கத் தகாத பொருள்களில் உள்ளிப்பூண்டு ஒன்று. மநு ஸ்ம்ருதியின் ஐந்தாம் அத்தியாயம் அதனை விலக்குகிறது. ஸ்ரீபாஷ்யத்தில் ராமாநுஜர் எடுத்துரைக்கும் ஏழு ஸாதனங்களில் முதலாவதான விவேகம், ஜாதி, ஆச்ரயம், நிமித்தம் என்னும் மூவகைத் தோஷங்களும் அற்ற அன்னத்தால் உடலைத் தூய்மை செய்துகொள்வதாகும். இவற்றுள் ஜாதி தோஷத்திற்குப் பெரியோர் காட்டும் உதாரணம் பூண்டே.

இரத்த அழுத்தம் மிகுந்த அடியார் ஒருவரிடம் பலரும் பூண்டு உண்ணும்படி கூறும்போது, நியமத்தைக் காப்பதா, உடலைக் காப்பதா என்னும் கலக்கம் அவருக்கு எழுகிறது. அதனைத் தீர்க்க எண்ணிச் சிலர், பூண்டில் குணமே இல்லை என்று வாதிப்பர். சாஸ்திரம் அவ்வாறு சொல்லவில்லை. அமுதத்தைத் திருடிய ராஹுவின் அறுபட்ட கழுத்திலிருந்து வீழ்ந்த துளிகளே பூண்டாயின என்கிறது அஷ்டாங்க ஹ்ருதயம். அசுர உடலினின்று வந்தமையால் த்விஜர் அதனை உண்பதில்லை என்றும், அமுதத்திற் பிறந்தமையால் அது சிறந்த ரஸாயனம் என்றும் அந்நூல் சேர்த்தே உரைக்கிறது. மத்திய ஆசியாவின் குச்சாவில் 1890இல் கிடைத்த பவர் சுவடியோ, பசுவுக்குப் புல்லோடு பூண்டுத் தண்டைக் கலந்து அளித்து, அதன் பாலை அந்தணர் மருந்தாக அருந்தலாம் என்று வழி காட்டுகிறது.

இன்றைய ஆராய்ச்சியும் அதன் குணத்தை மறுக்கவில்லை. பூண்டை நசுக்கும்போது அதிலுள்ள அல்லின், ஒரு நொதியின் செயலால் அல்லிசின் ஆகிறது. அதினின்று தோன்றும் கந்தகச் சேர்மங்கள் இரத்தக் குழாய்களைத் தளர்த்த வல்லவை. பல சோதனைகளைத் தொகுத்து 2008இல் வெளியான ஆய்வு, உயர் இரத்த அழுத்தம் உடையோர்க்கு மேல் அளவு சராசரியாக 8 மில்லிமீட்டர் குறைந்ததாகக் கண்டது. ஆயினும் அச்சோதனைகளில் பெரும்பாலும் அளிக்கப்பட்டது அளவிட்ட பூண்டுப் பொடி மாத்திரையே. 192 பேரிடம் ஆறு மாதம் நடத்தி 2007இல் வெளியிடப்பட்ட சோதனையிலோ, பூண்டு கெட்ட கொழுப்பைக் குறைக்கவில்லை. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர்க்கு அதனால் இரத்தக்கசிவு அபாயமும் உண்டு.

ஆகவே பூண்டிற்குக் குணம் உண்டு, எல்லையும் உண்டு. ஏகாதசியன்று அன்னத்தை விடுபவர், அன்னம் நஞ்சு என்றா விடுகிறார்? நல்லதென்று அறிந்தே எம்பெருமான் உகப்புக்காக விடுவதன்றோ த்யாகம்! இரத்த அழுத்தத்திற்கு வேறு நல்ல மருந்துகள் இருத்தலால், நியமத்தைக் கைவிடவேண்டிய நெருக்கடி பெரும்பாலோர்க்கு இல்லை. ஆனால் பூண்டை விலக்கியவர் ஊறுகாயையும் அப்பளத்தையும் அளவின்றி உண்டு, மருத்துவர் தந்த மாத்திரையையும் மறப்பாராயின், அவர் காப்பது நியமமன்று, நாவின் சுவையையே.

மருத்துவர் விதிக்க, வேறு வழியின்றிப் பூண்டை மருந்தாக ஏற்பவர் ஆபத்தர்மத்தில் நிற்பவர். அவரை இகழ்வது பாகவத அபசாரமாகும். பூண்டை விலக்குவதினும் அந்த அபசாரத்தை விலக்குவது அரிது. அடியார்க்கு அதுவே முதன்மையான ஆசாரம்.