நினைவில் இனிக்கும் ஊர்

பழமையை எண்ணிக் குழைந்து எழுதுவோரையெல்லாம் பிற்போக்காளர் என்று ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆங்கிலக் கட்டுரையாளர் சாள்ஸ் லாம் அவ்வாறு எளிதில் ஒதுக்கத்தக்கவர் அல்லர்.

கிழக்கிந்தியக் கம்பனியின் பேரேடுகளுக்குள் 33 ஆண்டுகள் உழன்ற அவர், தாம் பயின்ற கிறைஸ்ற்ஸ் ஹொஸ்பிற்றல் என்னும் இலண்டன் தருமப் பாடசாலையைப் பற்றி இருமுறை எழுதினார். 1813இல் வெளிவந்தது புகழ்மாலை. 1820இல் ‘எலியா’ என்ற புனைபெயரில் எழுதியபோதோ அம்மாலையைத் தாமே பிய்த்தெறிந்தார். லாமின் வீடு பாடசாலைக்கு அண்மையில் இருந்தது. அங்கிருந்து சுடச்சுட உணவு வரும். தொலைவிலிருந்து வந்த நாதியற்ற சிறுவனுக்கு அதே பாடசாலை பசியும் தனிமையுமாகவே இருந்தது. தப்பியோடினால் விலங்கு, மீண்டும் ஓடினால் இருட்டறை. நண்பர் கோல்றிஜ்ஜின் இளமையைத் தழுவி, அச்சிறுவனின் குரலிலேயே லாம் பேசுகிறார். தம் இனிய நினைவுக்கு எதிராகத் தாமே சாட்சியை அழைத்து வந்தவர் அவர்.

நம் குடாநாட்டிலும் இத்தகைய நினைவெழுத்துக்குக் குறைவில்லை. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் பெயர்க்கப்பட்டனர். 1995இல் வலிகாமமே பெயர்ந்தது. கடல் கடந்தோர் எழுதிய நினைவுகளில் பனங்கூடலும் கிடுகுவேலியும் கோயில் தேரும் நிறைந்துள்ளன. இவற்றை வெற்றேக்கம் என்று தள்ளுவது கொடுமை. காணியை இழந்தவனுக்கு நினைவும் ஓர் உறுதியே அன்றோ!

ஆயினும் அத்தேரின் வடத்தைத் தொட எவருக்கு உரிமை இருந்தது? அதே வலிகாமம் வடக்கில், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், 1968இல் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்நுழையும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. பாடசாலைகளின் கதையும் இதுவே. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்றதற்காகச் சில பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். தீ வைத்தோருக்கும் தம் ஊர் இனித்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

டொமினிக் ஜீவாவின் தன்வரலாறான ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’, வகுப்பறையில் சாதியின் பெயரால் அவர் பட்ட அவமதிப்பைப் பதிவு செய்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு. அங்கே நாதியற்ற சிறுவனுக்காக, வசதியுடன் இருந்த சிறுவனே வளர்ந்தபின் எழுதினான். இங்கே அடிபட்டவரே எழுத வேண்டியதாயிற்று. வாங்கில் இருந்தோர் பாடசாலை மலர்களில் வேப்பமர நிழலையும் ஆசிரியரின் கண்டிப்பையும் பக்கம் பக்கமாக வியந்துள்ளனர். தம் அருகே தரையில் இருத்தப்பட்டவனைப் பற்றி அவர்களுள் ஒருவர் எழுதிய பக்கத்தை நான் இன்னும் தேடுகிறேன்.

இவ்வாண்டு மலருக்கு எழுத முன்வந்த மாணவரிடம், வீட்டு முதியோரை இரண்டு கேள்விகள் கேட்டு வருமாறு சொல்லியிருக்கிறேன்: நீங்கள் எங்கே இருந்தீர்கள்? தரையில் இருந்தவரின் பெயர் என்ன?