பல்லும் உடம்பில்தானே?

காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஊசி போட ஓடுகிற குடும்பம், பல் வலித்தால் மட்டும் ஏன் கிராம்பைத் தேடுகிறது? அறியாமை என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் தேடுகிறது. பல் டாக்டரிடம் போனால் எவ்வளவு இழுக்கும் என்று தெரியாது. வலியையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

சொத்தை ஒரு சின்னப் புள்ளியாகத்தான் தொடங்குகிறது. அப்போதே சுரண்டி அடைத்தால் ஒரே நாளில் வேலை முடிந்தது. விட்டால் எனாமலைத் துளைத்து, உள்ளே இறங்கி, நரம்பைத் தொடும். அப்புறம் ரூட் கேனால். அதற்கு மேல் ஒரு கேப். செலவு பல மடங்கு. “அவ்வளவு முடியாதுங்க டாக்டர், பிடுங்கிடுங்க.” காசு இருப்பவருக்குப் பல் மிஞ்சுகிறது; இல்லாதவருக்குப் பொக்கை மிஞ்சுகிறது. நோய் இருவருக்கும் ஒன்றுதான். இதையா விதி என்கிறீர்கள்?

கண்டங்கத்திரி விதையைப் புகைத்துப் பல்லிலிருந்து புழு எடுப்பதாகச் சொல்கிறார்களே, அந்தப் புழுவை எந்த எக்ஸ்ரேயிலாவது பார்த்திருக்கிறீர்களா? நாம் தின்னும் சர்க்கரையைப் பாக்டீரியா அமிலமாக்குகிறது. அந்த அமிலம் பல்லை அரிக்கிறது. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று பயப்படுகிறீர்களே, பல்லுக்கு வரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. ‘விழப்போகிற பால் பல்தானே’ என்று விடுகிறீர்களே, ஆறு வயது வாக்கில் வரிசையின் கடைசியில் முளைக்கும் கடைவாய்ப் பல் பால் பல்லே அல்ல என்று தெரியுமா? அது போனால் இன்னொன்று முளைக்காது.

மூடநம்பிக்கையை அடித்துவிட்டு நிறுத்திக்கொள்வது சோம்பேறிப் பகுத்தறிவு. படித்தவர்களின் மூடநம்பிக்கை ஒன்று உண்டு: பல் வைத்தியம் அழகு சமாசாரம் என்பது. உங்கள் மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தைப் புரட்டுங்கள். விபத்தில் உடைந்த பல்லுக்குப் பணம் உண்டு. சொத்தைக்குப் பெரும்பாலும் கிடையாது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது தங்க நகைக்கு 3 சதவீதம் வரி, பற்பசைக்கு 18 சதவீதம். அதை 5 ஆகக் குறைக்க 2025 செப்டம்பர் வரை ஆனது. தங்கத்துக்கு இன்றும் 3தான். கழுத்துக்குக் காட்டிய கருணையை வாய்க்குக் காட்ட எட்டு வருடம்!

பிரிட்டனில் 1948-ல் எல்லாருக்கும் இலவச மருத்துவம் வந்தது. பல்லும் அதில் சேர்ந்தது. 1951-ல் பணம் போதவில்லை என்றதும் அரசு கை வைத்தது பல்செட்டிலும் மூக்குக்கண்ணாடியிலும். அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த அனூரின் பெவன் அமைச்சர் பதவியையே தூக்கி எறிந்தார். இங்கே பல்லுக்காக ஒரு கவுன்சிலராவது முகம் சுளித்ததுண்டா?

சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல வைத்தியமும் நடக்கிறது. ஆனால் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்து பிள்ளைகளின் பல்லே பழுப்பேறிய தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு கூலித் தொழிலாளி ஒரு பல்லுக்காக எத்தனை நடை வருவார்? ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி. பஸ் காசு தனி. இலவசம் என்று எழுதி வைத்தால் மட்டும் இலவசமாகிவிடுமா?

வீட்டுக்குள்ளும் பாருங்கள். பிள்ளைக்குக் கம்பி கட்டப் பணம் புரட்டுகிறோம். அம்மா எத்தனை காலமாக ஒரு பக்கமாகவே மெல்கிறாள்? முறுக்கை ஏன் காபியில் நனைத்துத் தின்கிறாள்? சிரிக்கும்போது முந்தானை ஏன் வாய்க்குப் போகிறது? ‘எனக்கெதுக்குடா இந்த வயசுல’ என்று அவள் சொன்னதை நம்புவது நமக்கு வசதியாக இருக்கிறது.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலையல்ல. எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல்லைப் பிடுங்க மட்டுமல்ல, அடைக்கவும் வசதி வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் வர மாலை நேரமும் வேண்டும். பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையின் கடைவாயையும் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். தனியார் கிளினிக்கில் கட்டணம் வாசலிலேயே தெரிய வேண்டும். காப்பீடு சொத்தையையும் நோயாக ஏற்க வேண்டும்.

மேலே ஒருவன் பார்த்துக்கொள்வான் என்று எழுதி முடிக்க எனக்கு வழியில்லை. ஆகவே உங்களிடம் கேட்கிறேன். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம், ‘எங்க ஊர் ஆஸ்பத்திரிக்குப் பல் டாக்டர் வாரத்துக்கு எத்தனை நாள் வர்றார்?’ என்று கேட்பீர்களா? கேட்க மாட்டீர்கள் என்றால், பிடுங்கப்படும் ஒவ்வொரு பல்லிலும் உங்களுக்கும் பங்கு உண்டு.