கேட்க ஆளில்லாத மாகாணம்

வற்றாப்பளையில் ஒரு பாடசாலைக்கு ஆசிரியர் போதவில்லை என்றாலோ, மாரிக்கு வீதி கரைந்துபோனாலோ, குளமொன்றின் கட்டு உடைந்தாலோ, பெரும்பாலும் அது வடக்கு மாகாணத்தின் பொறுப்பு. அந்த மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. ஏழு ஆண்டுகள் கடந்தும் தேர்தல் இல்லை. நிதி ஒதுக்கீடும் நியமனமும் இடமாற்றமும் ஆளுநரின் கையெழுத்தில் நகர்கின்றன. அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. மாகாணத்து வாக்காளருக்குக் கணக்குச் சொல்ல ஆளுநர் கடமைப்பட்டவர் அல்லர். ஆளுநர் நேர்மையும் திறமையும் உள்ளவராக இருந்துவிட்டால் இந்த ஆட்சி அறமாகிவிடுமா?

நிறைவேற்று அதிகாரம் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டது என்று சொல்லிவிடுவது வசதியானது. நடந்தது வேறு. 2017இல் நாடாளுமன்றம் மாகாண சபைத் தேர்தலைக் கலப்பு முறைக்கு மாற்றியது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்ட் 24 அன்று வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள் விழுந்தன. ஆதரவாக ஒன்றுகூட இல்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். தமிழ்க் கட்சிகளின் வாக்கும் ஆதரவுப் பக்கத்தில் இல்லை. பழைய முறை நீங்கிவிட்டது, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை. 2019 முடிவதற்குள் ஒன்பது மாகாணங்களும் சபையிழந்தன. சட்டம் இயற்றும் சபையொன்று மற்றச் சபைகளை முடக்கி, அவற்றின் அதிகாரத்தை ஜனாதிபதியின் பிரதிநிதிகளிடம் விட்டுவிட்டது. கேட்க வேண்டியவர்கள் வாயை மூடிக்கொண்ட பிறகு, பதில் சொல்லாதவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

இருந்த சபை என்னத்தைக் கிழித்தது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 2013இல் 38 ஆசனங்களில் 30ஐ ஒரே கூட்டமைப்பு பெற்றது; சபை நியதிச்சட்டங்களைவிடத் தீர்மானங்களையே அதிகம் நிறைவேற்றியது; 2017இல் முதலமைச்சருக்கு எதிராகச் சொந்த அணியினரே நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தனர். ஆனால் அந்தச் சண்டை எதில் தொடங்கியது? அமைச்சர்கள் மீதான முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளை விசாரித்த குழுவின் அறிக்கையில். இரு அமைச்சர்கள் பதவி விலகினர். அழகான காட்சியல்ல, கட்சிக் கணக்குகளும் அதில் கலந்திருந்தன. என்றாலும் அது கைதடியில் எல்லோரும் பார்க்க நடந்தது, பத்திரிகைகள் விடாமல் எழுதின. இன்று அப்படியொரு சந்தேகம் எழுந்தால் கோவைக்குள் தொடங்கிக் கோவைக்குள்ளேயே முடியலாம். சபையின் தரக்குறைவுக்குச் சான்றாகக் காட்டப்படும் அதே சம்பவம் சபையின் தேவைக்கும் சான்றாகிறது.

ஜனாதிபதியை மக்கள்தானே தெரிவுசெய்கிறார்கள் என்பது அடுத்த வாதம். ஐந்து ஆண்டுக்கொருமுறை முழு நாட்டுக்கும் சேர்த்துப் போடும் ஒரு வாக்குக்குள் ஓர் ஊரின் வீதியும் குளமும் எங்கே அடங்கும்? தவறு நடந்தால் நீதிமன்றம் இருக்கிறதே என்பார்கள். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி கோயிலுக்கு வருபவர்களுக்குக் கண்ணகி வழக்கு தெரியும். பாண்டியன் பிழையை ஏற்று உயிர்விட்டதை வியக்கிறோம். கோவலன் உயிரோடு வரவில்லை. இங்கும் அப்படித்தான்: 2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று நிறுத்தப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2024 ஆகஸ்ட் 22இல். அதற்கிடையில் சபைகளைச் செயலாளர்கள் நடத்தினார்கள். அந்தக் காலத்தைத் தீர்ப்பு திருப்பித் தரவில்லை. 2018இல் நாடாளுமன்றத்தைக் கலைத்தது செல்லாது என்ற தீர்ப்பு சில வாரங்களிலேயே வந்தது உண்மை. அங்கே நாடாளுமன்றக் கட்சிகளே வழக்காட முன்நின்றன. காலாவதியான மாகாண சபைக்காக அவ்வளவு வேகமாக ஓட எவரும் இருக்கவில்லை.

பழைய விகிதாசார முறையில் தேர்தலை நடத்த வழிவிடும் சட்டத் திருத்தத்துக்குப் பெரிய ஆய்வு எதுவும் தேவையில்லை. 2024 நவம்பரில் 225 ஆசனங்களில் 159ஐ வென்ற ஆளுங்கட்சி, வாக்குப் போதாது என்றும் சொல்ல முடியாது. தாமதத்துக்கு வேறு காரணம் இருந்தால், அதை நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று சொல்லட்டும்.