நரி, பரி, மரநாய்

ஓட்டு வீட்டுப் பரணிலிருந்து ஒரு மரநாய்க் குட்டி விழுந்து கிடக்கிறது. இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. என்ன செய்வீர்கள்?

உடனே பால் புகட்டுவோம். மாட்டுப் பால் அதன் வயிற்றைக் கெடுத்துவிடும். ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் உயரமாக வைத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டால், ராத்திரி தாயே வந்து கவ்விக்கொண்டு போகலாம். வரவில்லையா? வனத்துறையிடம் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் வளர்க்க 1972-ம் வருஷத்து வன உயிரினச் சட்டம் இடம் தராது.

'பாசமாத்தானே வளர்க்கிறோம், இதுல என்னங்க தப்பு?' என்று கேட்கத் தோன்றும்.

ஆவுடையார்கோவில் கதை தெரியுமல்லவா? பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மந்திரி மாணிக்கவாசகர், அந்தப் பணத்தை அங்கே கோயிலுக்குச் செலவழித்துவிட்டார். அவருக்காகச் சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தார். ராத்திரியானதும் அத்தனையும் மறுபடி நரிகள்! லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிப்போயின. கடவுள் மாற்றியதே ஒரு பகல்தான் தாங்கியது. நாம் எம்மாத்திரம்?

வளர்ந்த மரநாய் ஒருநாள் குழந்தையைக் கடிக்கும். அன்றைக்கே கொண்டுபோய் எங்காவது விட்டுவிடுவோம். அதற்கு இரை தேடத் தெரியாது. மனிதனைக் கண்டு பயப்படவும் தெரியாது. நம்மிடம் பாசம் பழகிய பிராணி, தடியோடு நிற்பவனிடமும் அதே பாசத்தோடு போய் நிற்கும். அந்த அடியில் நமக்கும் பங்கு இல்லையா?

பரணில் அது பாட்டுக்கு இருக்கட்டும். தோட்டத்துப் பழத்தில் நாலு தின்றுவிட்டுப் போகட்டும். விதையை எங்காவது போட்டு வைக்கும். கிட்டே போகாமல் இருப்பதும் பாசம்தான்.