யாரைக் கூப்பிடுவது?

பெரிய கேள்விகள் எல்லாம் பெரிய இடங்களில்தான் எழும் என்று நான் எண்ணியிருந்த காலம் உண்டு. என்னை இன்றுவரை விடாமல் துரத்தும் ஒரு கேள்வியோ, அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில், ஒரு பழைய வண்டியின் அடிவயிற்றுக்குக் கீழேதான் எழுந்தது. விஷயம் கழிவைப் பற்றியது. வாசகர்கள் முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். முகம் சுளிப்பதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

என் மகள் அங்கே குடியிருக்கிறாள். அந்த நாட்டில் 'மோட்டார் ஹோம்' என்று ஒரு வண்டி உண்டு. படுக்கை, அடுப்பு, குளியலறை, கக்கூஸ் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். வீட்டைத் தூக்கிச் சக்கரத்தின் மேல் வைத்தாற்போல் தோன்றும். 1994இல் செய்த ஒன்றை அவள் மலிவாக வாங்கியிருந்தாள். "கிராண்ட் கான்யன் பார்த்துவிட்டு வரலாம், அப்பா" என்று என்னையும் ஏற்றிக்கொண்டாள்.

வீடு என்றால் கழிவும் இருக்குமல்லவா? ஊரில் நம் கழிவு குழாயில் இறங்கியதும் நம் நினைவிலிருந்தும் இறங்கிவிடுகிறது. இந்த வண்டியிலோ அது நம்முடனேயே பயணம் செய்கிறது. தரைக்கு அடியில் இரண்டு தொட்டிகள். குளியல், சமையல் தண்ணீருக்கு ஒன்று, கக்கூஸுக்கு ஒன்று. ஒவ்வொன்றின் வாயிலும் இழுத்துத் திறக்கும் தகடு வைத்த வால்வு. அதற்கப்பால் குழாயின் முனையில் ஒரு மூடி. தொட்டி நிரம்பியதும் அதற்கென்று ஏற்பட்ட இடத்துக்குப் போய், மூடியைக் கழற்றித் தடித்த குழாயை மாட்டி, வால்வை இழுக்க வேண்டும். முதலில் கக்கூஸ் தொட்டி, பிறகு குளியல் தொட்டி. பின்னால் வரும் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

முதல் தடவை அவள் மூடியைத் திருகினாள். வால்வு மூடித்தான் இருந்தது. ஆனாலும் கழிவு குபுக்கென்று அவள் கைகளில் கொட்டியது. கையுறை போட்டிருந்தாள், அதையும் மீறி முழங்கை வரை நனைந்துவிட்டது. காரணம் பிறகு தெரிந்தது. தகட்டைச் சுற்றியிருந்த ரப்பர் வருஷக் கணக்கில் காய்ந்து இறுகிப் போயிருந்தது. கழிவு சொட்டுச் சொட்டாகக் கசிந்து மூடிக்குப் பின்னால் தேங்கிக் கிடந்தது. விற்ற மனிதருக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? மூடியை நன்றாக இறுக்கி விற்றுவிட்டார்.

நான் பதறிப்போனேன். "நீ தொடாதே, அம்மா! யாரையாவது கூப்பிட்டுச் செய்துகொள்ளலாம்" என்றேன்.

"யாரை அப்பா கூப்பிடுவது?" என்று கேட்டாள் அவள்.

பட்டறை வெகு தொலைவில் இருந்தது. அதை நினைத்துத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வி என்னை அறுபது, எழுபது வருஷங்களுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

காவிரிக்கரையில் நான் பிறந்த வீட்டில் எடுப்புக் கக்கூஸ்தான். கொல்லைப்புறச் சந்தின் வழியாக, விடியுமுன் ஒருத்தி வருவாள். கையில் துடைப்பம், தகரம், ஒரு வாளி. ஒரு நாள் அவள் வராவிட்டால் வீடே அமர்க்களப்படும். "ஆளைக் கூப்பிடு" என்பார்கள். 'ஆள்' என்பதுதான் அவளுக்கு எங்கள் வீட்டில் பெயர். நான் வளர்ந்து பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அவள் வந்துகொண்டிருந்தாள். அவளுடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. நான் 'யாரையாவது' என்று சொன்னபோது, அந்தச் சொல்லுக்குள்ளே நின்றவள் அவள்தான்.

சாயங்காலம் நான் இன்னொரு யோசனை சொன்னேன். குழாயின் முனையில் மாட்டுவதற்கென்றே இன்னொரு வால்வு கடையில் கிடைக்கிறது. "அதை மாட்டி இறுக்கிவிடு. சொட்டாது. ஊர் திரும்பியதும் வண்டியை விற்றுவிடலாம்."

"உள்ளே கசிவது கசிந்துகொண்டுதானே இருக்கும், அப்பா? அடுத்தபடி திறக்கிறவர் கையில் கொட்டும்" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. எத்தனையோ கதைகளில் தர்மம் பேசியவன் நான்!

பிறர் உழைப்பை நாடுவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. குழாய் வேலை நல்ல தொழில். தெரிந்தவரை அழைத்து, உள்ளதைச் சொல்லி, பாதுகாப்பும் தக்க கூலியும் கொடுத்துச் செய்யச் சொல்வதில் இழுக்கு ஏது? இழுக்கு மூடியில் இருக்கிறது. நம் அழுக்கை மறைத்துவிட்டு, அது யார் கையில் கொட்டும் என்று கேட்க மறுக்கிறோமே, அதில் இருக்கிறது. மறைத்த பழுது மறைந்துவிடுவதில்லை, கை மாறுகிறது. அந்தக் கை பெரும்பாலும் நம்மைவிட எளியவரின் கையாக இருக்கிறது.

மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடுக்க நம் நாட்டில் 1993இல் ஒரு சட்டம் வந்தது; 2013இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. அதற்குப் பிறகும், 2023இல், சாக்கடைக்குள் இறங்கி உயிர்விட்டவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மூடியை இறுக்கியாயிற்று, உள்ளே வால்வு கசிந்துகொண்டேதான் இருக்கிறது.

மறுநாள் தொட்டியைக் காலி செய்து, பல தடவை தண்ணீர் விட்டு அலசினோம். அவள் வண்டிக்கு அடியில் படுத்து நான்கு போல்ட்டுகளைக் கழற்றினாள். குழாயைச் சற்று விலக்கிப் பழைய வால்வை உருவினாள். புது ரப்பர் மடங்கிவிடாதபடி பார்த்துப் பார்த்துப் புதியதைச் செருகினாள். போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். நான் விளக்குப் பிடித்தேன். சிறிது நேரம் கழித்து, கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு, பழைய தகட்டை நானே கழுவி வைத்தேன். குமட்டல் முதல் இரண்டு நிமிஷந்தான். அந்த இரண்டு நிமிஷத்துக்குப் பயந்தா ஒருத்தியின் ஆயுளையே கேட்டு வாங்கினோம்?

தொட்டியில் சுத்தத் தண்ணீர் நிரப்பி, மூடியைக் கழற்றிவிட்டு, குழாயின் கீழே செய்தித்தாளை விரித்துவிட்டுப் படுத்தோம். காலையில் தாள் உலர்ந்திருந்தது. மகள் கைதட்டிச் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். ஆனால் அந்த விடியற்கருக்கலில், கொல்லைச் சந்தில் வந்து நின்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்போல் இருந்தது. என்னவென்று கூப்பிடுவது?