கரையில் இருந்து காண்பான் கடன்

பச்சைமலையில் தோன்றிப் பெரம்பலூர்ச் சீமையின் புன்செய் நிலங்களூடே இறங்கி, அரியலூர் மண்ணைக் கடந்து கொள்ளிடத்தோடு கலப்பது மருதையாறு. அது சென்று சேரும் கொள்ளிடமோ, அரியலூர் மாவட்டத்திற்குத் தெற்கெல்லையாய், ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவும் சில நாட்கள் கடலாகவும் காட்சி தருவது. இதன் வடகரையில் வீடு வாய்க்கப்பெற்ற ஒருவன் திண்ணையை விட்டு இறங்காமலே பருவங்கள் அனைத்தையும் கண்டுவிடலாம். எம்பெருமானின் படைப்பழகைக் கண்டு மகிழ்தல் நற்செயலே என்பதில் ஐயமில்லை. ஆயின், கண்டு மகிழ்ந்தவனுக்குக் கடன் ஏதேனும் உண்டா? உண்டெனில், அக்கடன் யாருக்கு? ஈண்டு ஆராயத்தக்கது இதுவே.

சித்திரை, வைகாசியில் ஆற்றில் நீர் இராது. அப்போது ஆட்காட்டிக் குருவி, கூடு முடையும் தொல்லையே இன்றி, வெறுந்தரையில் கூழாங்கற்களிடையே முட்டையிடும். முட்டையும் கல்லும் வேறுபாடின்றிக் கிடத்தலால் நடந்து செல்வோன் அறியமாட்டான். தலைக்குமேல் வட்டமிட்டுக் கதறும் தாயின் குரலே அவனுக்கு எச்சரிக்கை. மனிதன் காது அதனைக் கேட்கும். மணல் ஏற்றச் செல்லும் வண்டியின் சக்கரம் கேட்பதில்லை.

ஆடியில் மேட்டூரின் மிகுதிநீர் மேலணையைத் தாண்டி இறங்குமேல் ஒரே இரவில் ஆறு உருமாறிவிடும். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகளுள் ஒன்பது வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதைக் கண்டோர் இந்த ஆற்றின் வேகத்தை மறந்திரார். மழைக்காலத்தில், நீரின்மேல் சாய்ந்த பனையோலைகளில் தூக்கணாங்குருவியின் கூடுகள் தொங்கத் தொடங்கும். ஆண்குருவி பாதிக்கூட்டை முடைந்து வைத்துக் காத்திருக்கும்; பெண்குருவி வந்து சோதித்து ஒப்பினாலன்றி மீதிப்பாதி எழும்பாது. மனிதர் வீட்டில் கிருகப்பிரவேசம் வரை இத்தகைய சோதனைக்கு இடமில்லை!

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் காட்சி ஆற்றைவிட்டு ஏரிக்கு மாறுகின்றது. திருமானூர்ப் பகுதியிலுள்ள கரைவெட்டி ஏரி, புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வரும் காவிரிநீரையும் வடகிழக்குப் பருவமழையையும் ஏற்று நிற்பது. ஏறத்தாழ 454 ஹெக்டேர் பரப்புடைய இந்நீர்நிலை 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. 2024-இல் ராம்சார் உடன்படிக்கையின் உலகப் பட்டியலிலும் இடம்பெற்றது. மார்கழி, தை மாதங்களில் இங்கு வரும் வரித்தலை வாத்துகள் மங்கோலியா, திபெத்து முதலிய குளிர்நாடுகளில் பிறந்தவை. வானளாவிய இமயத்தைச் சிறகாலே கடந்து, அரியலூர்ச் சீமையின் ஓர் ஏரியைத் தேடி அவை வருவது எண்ணுந்தோறும் வியப்பே.

இத்தனையும் திண்ணைவாசிக்குச் செலவின்றிக் கிடைக்கின்றன. செலவு இல்லாமற் போயிற்றா என்றால், இல்லை. பிறர் தலையில் விழுந்தது. தூக்கணாங்குருவி கொத்தும் நெல் உழவனுடைய நெல். நீர் வற்றும் காலத்தில் ஏரியில் எஞ்சியதைப் பயிருக்குத் திறப்பதா, பறவைக்கு விடுவதா என்ற கேள்வி எழும்போது, கடைமடையில் கதிர் வாடுவதைப் பார்த்து நிற்பவன் அவனே. ‘பறவையைக் காப்பாற்று’ என்று திண்ணையிலிருந்து ஒருவன் சொல்வது எளிது. இழப்பில் பங்கேற்காதவன் இழப்பவனுக்குச் செய்யும் உபதேசம் தருமமாகாது.

குலசேகரப் பெருமாளின் வேண்டுதலை அன்பர்கள் நினைவு கூர்தல் வேண்டும். அரச வாழ்வைத் துறக்கத் துணிந்த அவர், திருவேங்கடத்துக் கோனேரிக் கரையில் நின்று பறவைகளைக் காணும் பேற்றை வேண்டினாரல்லர். அந்நீரில் வாழும் குருகாகவே பிறக்க வேண்டினார். அடியார் உள்ளம் கரையில் நின்றுவிடவில்லை. சேதனமும் அசேதனமும் எம்பெருமானுக்குத் திருமேனி என்பது உடையவர் காட்டிய நெறி. அந்நெறியில் குருகும் உறுப்பு. குருகுக்கு நெல் இழந்த உழவனும் உறுப்பே. ஒன்றைப் போற்ற மற்றொன்றை வாடவிடுதல் எவ்வாறு பொருந்தும்?

பகிர்ந்து கொள்ளும் முறைமை இந்நாட்டிற்குப் புதிதன்று. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில், தொலைந்த சினைப்பசுவைத் தேடிச் சென்ற உழவர் ஒருவர் கற்கம்பத்தின் அருகே அதனைக் கண்டார் என்றும், அக்கம்பமே கலியுக வரதராசப் பெருமாளாய்ப் போற்றப்பெறுகின்றது என்றும் தலவரலாறு கூறும். விளைந்த தானியத்தில் ஒரு பங்கையும் ஈன்ற கன்றையும் உழவர்கள் இன்றும் அங்கே காணிக்கையாக்குகின்றனர். விளைந்தது முழுதும் தனக்கே என்று எண்ணாத மனம் அவர்களிடம் முன்னமே உளது. புதிதாய்க் கற்கவேண்டியவன் விளைவிக்காமல் நுகர்பவனே.

வேடந்தாங்கல் மக்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளைச் சுட வந்தோரை எதிர்த்து, அவற்றைக் காக்க அரசின் உறுதிமொழியும் பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆதாயம் கருதிய அன்பு தாழ்ந்தது என்பார் சிலர். அக்கூற்று ஏற்கத்தக்கதன்று. ஒருவன்மேலேயே சுமை விழாத ஏற்பாடே தலைமுறை கடந்து நிற்கின்றது. சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடிப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே ஊர்ப்பிள்ளைகள் எல்லோருமே அச்சுமையில் ஆளுக்குச் சிறிது ஏற்கின்றனர்.

கடுமையான சோதனை பறவையிடத்தில் இல்லை, முதலையிடத்தில் உள்ளது. அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் இன்றும் முதலைகள் வாழ்கின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கின்றது. கசேந்திரன் கதையில் யானையின் காலைப் பற்றிய முதலைக்கும் பகவான் சாபம் நீக்கி நற்கதி அளித்தான் என்று பாகவதம் கூறும். அதனைக் காலட்சேபத்தில் கேட்டு உருகுவது வேறு; இடுப்பளவு நீரில் வலைவீசி நிற்பது வேறு. முதலை வாழட்டும் என்று சொல்லும் கரைவாசி, மீனவரும் ஆடுமேய்ப்போரும் அஞ்சாது இறங்கத்தக்க காவலுள்ள துறையொன்று அமையவும் உழைத்தல் வேண்டும். எச்சரிக்கைப் பலகை சாய்ந்து கிடந்தால் நிமிர்த்தி வைக்கவாவது வேண்டும்.

ஆடிப்பெருக்கில் அணைக்கரைப் பக்கம் நீராட இறங்கும் சேவார்த்திகள், துறையில் வலை உலர்த்திக் கொண்டிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டபின் இறங்குவது நலம். எந்த மடுவில் முதலை கிடக்கின்றது என்பதைத் திண்ணையில் இருப்பவரினும் அவரே நன்கு அறிவார்.